பெரிய மாமா மொழிபெயர்த்த படம்

மச்சான்மாரே, மச்சாள்மாரே, நீங்கள் சொன்ன படத்தின் டிஸ்க்கை வாங்கிவிட்டேன். ஆனால் பெரிய மாமாவின் எண்பதாவது பிறந்தநாளுக்குப் பரிசாகக் கொடுக்க அதை நான் தரமாட்டேன். இதைக் குறூப்பில் நாலு வரியில் போட்டால் கட்டைவிரலைக் காட்டிவிட்டு அடுத்த பகிடிக்குப் போய்விடுவீர்கள். அதனால் நீட்டி எழுதுகிறேன். மாமாவை அப்பா என்று கூப்பிடுகிற இருவரும் இதை வாசிப்பீர்கள் என்று தெரியும். உங்களுக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன்.

எங்களுக்கும் வயது போய்க்கொண்டிருக்கிறது. மூத்த மச்சானுக்கு நரைத்துவிட்டது, இளைய மச்சானுக்கு நரைப்பதற்குத் தலையில் ஒன்றும் இல்லை. இனியும் மேடையில் நின்று, "மாமாதான் எங்களுக்கு உலக சினிமாவைக் காட்டியவர்" என்று வாசிக்க என்னால் முடியாது. காட்டினார், இல்லையென்று சொல்லவில்லை. அதை அவர் எப்படிக் காட்டினார் என்பதுதான் என் வயிற்றெரிச்சல்.

உங்களில் பாதிப் பேர் அப்போது என் முதுகுக்குப் பின்னால் இருந்தீர்கள், மீதிப் பேர் பிறந்திருக்கவில்லை. ஆகவே முதலில் இருந்து சொல்கிறேன். நாங்கள் கனடாவுக்கு வந்த முதல் குளிர்காலம். சென் ஜேம்ஸ் ரவுணில் ஒரு மாடிக்கட்டிடத்தில் இரண்டு அறை வீடு, மூன்று குடும்பம். வரவேற்பறையின் நடுவில் கயிறு கட்டிப் படுக்கைவிரிப்பைத் தொங்கவிட்டிருந்தார்கள். அந்தப் பக்கம் ஒரு குடும்பம், இந்தப் பக்கம் ரிவி. அந்த ரிவியை யாரோ வீதியில் எறிந்திருந்தார்கள், பெரிய மாமாவும் என் அப்பாவும் பலசரக்குக் கடைத் தள்ளுவண்டியில் ஏற்றிப் பனிக்குள்ளால் தள்ளிக்கொண்டு வந்தார்கள். இடதுபக்க மூலையில் யார் முகம் வந்தாலும் பச்சையாகிவிடும். காசெற் போட ஒரு பழைய டெக்கும் அதற்கு ஒரு றிமோட்டும் வாங்கினார்கள். றிமோட்டைப் பொலித்தீன் பையில் போட்டு இறப்பர் வளையத்தால் கட்டி, மாமாவைத் தவிர ஒருவரும் தொடக்கூடாது என்று சட்டமும் போட்டார்கள். பட்டனை அழுத்தும்போது பொலித்தீன் சரசரக்கும். அந்தச் சத்தம் கேட்டால் சமையலறையில் நிற்கிற பெண்கள் கையைத் துடைத்துக்கொண்டு ஓடிவருவார்கள்.

வெள்ளிக்கிழமைகளில் மாமா நூல்நிலையத்தில் இருந்து ஒரு காசெற் கொண்டுவருவார். பெரும்பாலும் பழைய ஆங்கிலப் படம். எங்கள் வீட்டில் அவரைத் தவிர ஒருவருக்கும் ஆங்கிலம் இல்லை, அல்லது இல்லை என்றுதான் எல்லோரும் நம்பியிருந்தோம். மாமா படத்தை ஓடவிடுவார், நிறுத்துவார், விளக்குவார். நிறுத்தியதும் படம் நடுங்கும், குறுக்காக வெள்ளைக் கோடுகள் ஓடும். அந்த நடுக்கத்தின் முன்னால் மாமா ஒரு கையை உயர்த்திக்கொண்டு கதை சொல்வார்.

"அவன் ஆர் அண்ணை? புருசனோ?" என்று அம்மா கேட்பார்.

"பொறு, வாறன். அவன் புருசன்ரை சிநேகிதன். ஆனா ஆள் சரியில்லை, பார், மீசையைப் பார்."

நான் மாமாவின் காலடியில் இருந்து வாயைப் பிளந்து கேட்டவள். இன்று நான் படம் பார்த்து, படத்தைப் பற்றி எழுதி, சாப்பாட்டு நேரத்தில் எல்லோரையும் அறுத்துத் திரிகிறேன் என்றால் அந்த வெள்ளிக்கிழமைகள்தான் காரணம். அதனால்தான் கோபம் இரட்டிப்பாக வருகிறது.

மாமா படத்துக்கு மட்டும் மொழிபெயர்ப்பாளர் இல்லை. பள்ளிக்கூடம், வழக்கறிஞர், பல் டொக்டர், உதவிப்பண அலுவலகம் எல்லாவற்றுக்கும் அவர்தான் கூடப் போவார். அந்த வீட்டுக்கு ஆங்கிலம் ஒரு குழாயால் வந்துகொண்டிருந்தது. திறப்பதும் பூட்டுவதும் அவர் கை.

இனிச் சின்னம்மாவுக்கு வருகிறேன். என் அம்மாவின் தங்கச்சி, பெரிய மாமாவுக்கும் தங்கச்சிதான். அந்தக் குளிருக்கு முந்தின கோடையில்தான் கலியாணத்துக்கென்று வந்திறங்கியிருந்தார். மாப்பிள்ளை மாமாவின் சிநேகிதர், பொருத்தம் பேசியதும் மாமாதான். அதே கட்டிடத்தில் எங்களுக்கு இரண்டு மாடி மேலே குடியிருந்தார்கள். புருசன் பெண்சாதி இருவருக்கும் பகல் வேலை. சின்னம்மா ஒரு தொழிற்சாலையில் குளிருக்குப் போடுகிற ஜக்கற்றுகளுக்குக் கை தைத்தார். உடம்பு தைப்பது இன்னொருவர் வேலை. "முழு ஜக்கற்றை ஒருநாளும் நான் கண்டதில்லை" என்று சிரிப்பார். கூட இருந்து தைத்த ஜமேக்காக்காரியின் கதைகளைக் கேட்டு வந்து எங்களுக்குச் சொல்வார். அந்தக் கதைகளை எந்த மொழியில் கேட்டார் என்று எங்களில் ஒருவருக்கும் யோசிக்கத் தோன்றவில்லை.

பனி கொட்டத் தொடங்கிய நாட்களில் சின்னம்மா ஒரு புதினம் சொல்லத் தொடங்கினார். "நான் வேலைக்குப் போன பிறகு ஆரோ வந்து என்ரை கட்டிலிலை படுக்கினம், அக்கா."

அம்மா சிரித்தார். சின்னம்மா சிரிக்கவில்லை. விரித்துவிட்டுப் போன போர்வை வேறு மாதிரி மடிந்திருக்கிறதாம். சவர்க்காரம் கரைந்திருக்கிறதாம். ஒருநாள் தொழிற்சாலையில் மின்சாரம் போய் நேரத்தோடு அனுப்பிவிட்டார்களாம், வந்து தலையணையில் கை வைத்தால் சூடாம். சித்தப்பாவைக் கேட்டால், "உனக்குக் குளிர் ஒத்துக்கொள்ளேல்லை" என்கிறாராம். பூட்டை மாற்றுவோம் என்றாலும் மாட்டாராம்.

ஒரு பின்னேரம் சின்னம்மா என்னைக் கையில் பிடித்து மேலே கூட்டிக்கொண்டு போனார். தலையணையை என் மூக்கில் வைத்தார்.

"மணந்து பார் பிள்ளை. உது என்ரை எண்ணெயோ?"

சின்னம்மாவின் தலையில் தேங்காயெண்ணெய் மணக்கும். தலையணையில் முடிவெட்டும் கடை மணத்தது. வீட்டுக்கு ஓடிவந்து அம்மாவிடம் அப்படியே சொன்னேன்.

"அவளோடை சேந்து நீயும் தொடங்காதை," என்று அம்மா என் தலையில் ஒரு குட்டு வைத்தார். ஏழு வயதுப் பிள்ளைக்கு மூக்கு இருக்கிறது, மணம் தெரியும் என்றுகூட அந்த வீட்டில் ஒருவரும் கணக்கெடுக்கவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை மாமா கொண்டுவந்ததுதான் குடைப்படம். உண்மையான பெயர் உங்களுக்குத் தெரியும், நாங்கள் ஒருநாளும் அந்தப் பெயரால் அதைச் சொன்னதில்லை. மழை விடாத ஒரு ஆங்கிலேயக் கடற்கரை ஊர். ஒரு பெண் கிழமைக்கு ஒருநாள் தமக்கையைப் பார்க்கப் போய்வருவாள். திரும்பி வரும்போதெல்லாம் யாருடையது என்று தெரியாத ஒரு குடை வாசலில் நனைந்தபடி நிற்கும். கணவன் தொட்டுப்பார்த்து, காய்ந்துதானே கிடக்கிறது என்பான். வேலைக்காரியும் அதையே சொல்வாள். குடும்ப டொக்டர் வருவார், கண்ணைப் பார்ப்பார், நாடியைப் பிடிப்பார், ஓய்வெடு மகளே என்பார்.

படம் பாதி ஓடியதும் சின்னம்மா நிமிர்ந்து இருந்தார். "பாத்தியளோ? எனக்கும் உப்பிடித்தான்."

அறை முழுக்கச் சின்னம்மாவைத் திரும்பிப் பார்த்தது. சித்தப்பா பெரிய மாமாவைப் பார்த்தார். பொலித்தீன் சரசரத்தது, படம் நின்று நடுங்கியது. மாமா ஒன்றும் விளக்காமல் திரும்பவும் ஓடவிட்டார். கடைசிக் காட்சி வரும்வரை அவர் வாயே திறக்கவில்லை. ஒவ்வொரு வசனத்துக்கும் கை உயர்த்துகிற மனுசன்.

கடைசிக் காட்சியில் தொப்பி போட்ட இருவர் வருகிறார்கள். டொக்டர் மழைக்குள் நிற்கிறார். அந்தப் பெண் ஒரு காரில் ஏறுகிறாள். மாமா நிறுத்தினார்.

"இப்ப டொக்டர் சொல்றார், இந்தப் பிள்ளைக்கு நரம்புத் தளர்ச்சி. இவை இரண்டு பேரும் ஆசுப்பத்திரி ஆக்கள், கூட்டிக்கொண்டு போகினம். குடை நனையேல்லை." கொஞ்சம் பொறுத்து, "அவளின்ரை மனந்தான் நனைஞ்சது," என்றார்.

என்ன அழகான வசனம். அம்மா கண்ணைத் துடைத்தார். சித்தப்பா தலையை ஆட்டினார். இன்றுவரை யாராவது வீட்டில் ஒன்றை மறந்தால், திறப்பைத் தொலைத்தால், "மனம் நனைஞ்சிட்டுது" என்று குறூப்பில் போட்டுச் சிரிக்கிறோம். நானும்தான்.

சின்னம்மா எழும்பி நின்றார். "அண்ணை, அப்பிடி அவையள் சொல்லேல்லை. அந்த ரண்டு பேரும் பொலிஸ். டொக்டரைத்தான் பிடிக்க வந்தவை. குடை டொக்டற்றை."

"உனக்கு எப்ப தங்கச்சி இங்கிலிஸ் வந்தது?" என்றார் மாமா, நோகாத குரலில். எல்லோரும் சிரித்தார்கள்.

"அவள் சொன்னது சரியெண்டு சொல்லிப்போட்டுத்தான் காரிலை ஏத்துகினம். ஏன் அண்ணை மாத்திச் சொல்றியள்?"

அதற்குப் பிறகு ஒருவரும் சிரிக்கவில்லை. அம்மா சின்னம்மாவின் கையைப் பிடித்து இழுத்து இருத்தினார். "படத்துக்கு ஏனடி உப்பிடிக் கத்துறாய்?" என்று கேட்டார். அம்மாவின் முகத்தில் பயத்தைக் கண்டேன். படத்தில் வந்ததைத் தன்னுடையது என்று நினைக்கிற தங்கச்சி, ஆங்கிலம் கேட்கிறது என்கிற தங்கச்சி. அவ்வளவுதான், முடிந்தது. அடுத்த கிழமை மாமாவும் சித்தப்பாவும் சின்னம்மாவை டொக்டரிடம் கூட்டிக்கொண்டு போனார்கள். மொழிபெயர்க்க யார் போனார் என்று கேட்கவேண்டுமா?

குளிசை வந்தது. சின்னம்மா வாயைத் திறந்தபடி பகலில் தூங்கினார். ஊசிக்குள் விரலைக் கொடுத்துவிட்டார் என்று தொழிற்சாலையில் நிற்பாட்டினார்கள். பகல் முழுக்க அவர் வீட்டில் கிடந்ததால் யாரும் வந்து படுக்கவில்லை. "பாத்தியளோ, குளிசை வேலை செய்யுது," என்று பெரியவர்கள் திருப்திப்பட்டார்கள்.

பிறகு நடந்ததெல்லாம் நாங்கள் எல்லோரும் சேர்ந்து செய்தது. "சின்னம்மா சொல்றதை அப்பிடியே எடுக்காதையுங்கோ" என்று எங்களை வளர்த்தார்கள். கைக்குழந்தையை அவர் கையில் கொடுக்கவில்லை. எங்களில் ஒருவர் கலியாணத்திலும் ஆலாத்தி எடுக்கக் கூப்பிடவில்லை. சித்தப்பா செத்த வீட்டில்கூட வந்தவர்கள் அவரிடம் துக்கம் விசாரிக்கவில்லை, மாமாவிடம் விசாரித்தார்கள். அந்த மனுசியோ குளிசையைத் தானாக விட்டு, ஒரு பள்ளிக்கூடத்துச் சாப்பாட்டுக்கூடத்தில் வேலை எடுத்து, மோர்னிங்சைட்டில் தனி வீடு பார்த்து, பஸ் பிடித்துத் தனியாக வாழ்ந்துவிட்டார். நாங்கள் அதற்கும் ஒரு பெயர் வைத்தோம். "ஒத்துப்போகத் தெரியாத ஆள்."

இப்போது டிஸ்க். மூல நெகற்றிவில் இருந்து துப்புரவாக்கிய புதுப் பிரதி வருகிறது என்று அறிந்த நாளில் இருந்து நான் நித்திரை கொள்ளவில்லை என்பது உங்களுக்குத் தெரியும், உங்களையும் கொள்ளவிடவில்லை. பார்சல் வந்தது. பரிசாகக் கொடுக்கமுன் ஓடுகிறதா என்று பார்ப்போமே என்று போட்டேன். என்ன அழகு. மழை ஒவ்வொரு துளியாகத் தெரிகிறது. இது அகலத்திரைப் படம், எங்கள் காசெற்றில் இரண்டு கரையையும் வெட்டியிருந்தார்கள். வாசல் காட்சியில் வலது கரையில் டொக்டர் கையில் குடையோடு நிற்கிறார். அந்தக் கரை எங்கள் ரிவியில் வரவே இல்லை.

கடைசிக் காட்சியில் சப்டைட்டில் ஓடியது. தொப்பி போட்ட இருவரும் பொலிஸ். அவள் இல்லாத நேரம் வீட்டுக்கு வந்துபோய், அவளைப் பைத்தியமாக்கப் பார்த்த டொக்டரைக் கைது செய்கிறார்கள். அதிகாரி அந்தப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்டு, வீட்டுக்குக் கொண்டுபோய் விடச் சொல்கிறார். மனம் நனைந்த வசனம் எங்குமே இல்லை. திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். சின்னம்மா அன்று எழும்பி நின்று சொன்னது அத்தனையும் சரி. படத்தில் மாமா பொய் சொன்னார் என்றால் டொக்டரிடம் என்ன சொல்லியிருப்பார்?

அடுத்த சனிக்கிழமை டிஸ்க்கை எடுத்துக்கொண்டு மோர்னிங்சைட்டுக்குப் போனேன். விழாவுக்குக் கட்டப்போகிற சேலையைத் தங்கச்சிக்குக் காட்டவேண்டும் என்று அம்மாவும் காரில் ஏறிவிட்டார். வழி முழுக்கப் பிளவுஸ் தைக்கிறவளின் குறை.

எந்தப் படம் என்று சொல்லாமல் போட்டேன். சின்னம்மா முதல் மழையிலேயே கண்டுபிடித்துவிட்டார். என்னைத் திரும்பிப் பார்த்தார். அம்மாவுக்கு இன்றும் ஆங்கிலம் இல்லை. "இவள் என்ன சொல்றாள்?" என்று வழமைபோல் என்னைக் கேட்டார். நான் வாய் திறக்கமுன் சின்னம்மா சொல்லத் தொடங்கினார். நிறுத்தவே இல்லை, படம் ஓட ஓட, வசனத்துக்கு ஒரு மூச்சுப் பிந்தி, தமிழில். சப்டைட்டிலைப் பார்த்தபடி நான் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். கூடுதலாக ஒரு சொல் இல்லை, குறையவும் இல்லை.

கடைசிக் காட்சி வந்தது. "நான் பொலிஸ். நீங்கள் சொன்னது முழுக்க உண்மை அம்மா. உங்களை நம்பாததுக்கு மன்னிக்கவேணும்," என்றார் சின்னம்மா, அதிகாரியின் குரலில்.

அம்மா மடியில் கிடந்த சேலையைப் பக்கத்தில் வைத்தார். "அண்ணை வேறை மாதிரியெல்லோ சொன்னவர்."

"ஓம் அக்கா."

அம்மா சின்னம்மாவின் பக்கம் திரும்பிக் கேட்டார். இத்தனை வருசத்தில் எங்கள் குடும்பத்தில் ஒருவரும் கேட்காத கேள்வி. "அப்ப உன்ரை வீட்டுக்கு ஆரடி வந்தது?"

"ஒரு பெடியன். அண்ணைக்குத் தெரிஞ்சவன், புதுசா வந்தவன். இரவு வேலை. உங்கடை வீட்டிலை படுக்க இடமில்லை. பகலிலை எங்கடை கட்டில் சும்மாதானே கிடக்குது எண்டு அண்ணைதான் திறப்பு வாங்கிக் குடுத்தவர்."

"உனக்கு ஆர் சொன்னது?"

"அவன்தான். எத்தினை வருசத்துக்குப் பிறகு அஜின்கோர்ட்டிலை மரக்கறிக் கடையிலை கண்டு ஓடிவந்து கும்பிட்டவன். 'அக்கா, நான் வந்த புதுசிலை உங்கடை கட்டிலிலைதான் படுத்தனான், உங்களை மறக்கமாட்டன்' எண்டான். எனக்குத் தெரியும் எண்டு அவனுக்குச் சொல்லியிருக்கினம். புதுப் பொம்பிளை கூச்சப்படுவா, கண்ணிலை படாதை எண்டும் சொல்லியிருக்கினம்."

மச்சாள்மாரே, இவ்வளவுதான் அந்தப் பெரிய மர்மம். கள்ளத்தொடர்பு இல்லை, கொலை இல்லை. ஒரு கட்டிலை இரண்டு நேர வேலைக்காரர் மாறி மாறிப் பாவித்த காலம் அது, எல்லா மாடியிலும் நடந்ததுதான். முன்கூட்டி ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சின்னம்மா கஞ்சியும் வைத்துக் கொடுத்துவிட்டுப் போயிருப்பார். கேட்கவில்லை. பிறகு அவர் கேட்டபோது இல்லை என்றார்கள். இல்லை என்றதைக் காப்பாற்ற ஒரு படத்தின் முடிவை மாற்றினார்கள், அதுவும் போதாமல் ஒரு பெண்ணின் மூளையை மாற்றக் குளிசை வாங்கினார்கள்.

"டொக்டரிட்டை அண்ணை என்ன சொன்னவர்?" அம்மாவின் குரல் எனக்குப் புதிதாக இருந்தது.

"ஆரோ வந்து படுக்கினம், பூட்டு மாத்தினாச் சரி எண்டு நான் தமிழிலை சொன்னன். இல்லாத ஆக்களைக் காணுறா, குரல் கேக்குதாம் எண்டு அண்ணை இங்கிலிசிலை சொன்னார். எனக்கு ஒவ்வொரு சொல்லும் விளங்கினது. இல்லையெண்டு சொல்ல வாய் உன்னினன். டொக்டர் என்னைப் பாக்கவே இல்லை."

"ஏனடி எனக்கு இதைச் சொல்லேல்லை?"

"சொன்னா நம்பியிருப்பியோ அக்கா?"

அம்மா கைப்பையைத் திறந்து ஃபோனை எடுத்து என்னிடம் நீட்டினார். "மாமாவுக்கு அடி. எல்லாருக்கும் கேக்கிற மாதிரிப் போடு." தன் தமையன் இருக்கும்போது நாற்காலியில் சாய்ந்துகூட இராத மனுசி அவர்.

மாமா உடனே எடுத்தார். "சொல்லு தங்கச்சி. ஹோல்காரன் கதிரைக்கு வெள்ளைத் துணியோ நீலத் துணியோ எண்டு கேக்கிறான்."

"அண்ணை, தங்கச்சியைப் பற்றி அந்த டொக்டரிட்டை நீங்கள் என்ன சொன்னனீங்கள்?"

"எந்த டொக்டர்?"

"உங்களுக்குத் தெரியும்."

"இப்ப ஏன் உது? குடும்பம் குலையக்கூடாது எண்டுதான் எல்லாம் செய்தது. அவளும் நல்லாத்தானே இருக்கிறாள்."

"நான் கேட்டது அதில்லை."

"அவள் பக்கத்திலை நிக்கிறாளோ? அவளிட்டை ஃபோனைக் குடு, நான் கதைக்கிறன்."

நான் ஃபோனைச் சின்னம்மாவிடம் நீட்டினேன். அவர் தலையை ஆட்டினார். கண் நிறைந்திருந்தது, முகம் சிரித்தது. "வேண்டாம். அக்கா கேட்டதே போதும், எனக்கு அது காணும்."

"எனக்குக் காணாது," என்றார் அம்மா. ஃபோனை வாங்கி மேசையில் வைத்து, கதிரையை இழுத்து அதன் முன்னால் இருந்தார். "சொல்லுங்கோ அண்ணை. நான் வைக்கமாட்டன்."